லிமிட் ஹோல்டெம் போக்கரில் செட் விழுந்தாலும் பாட் சின்னதாகவே முடிகிறது, எங்கே தவறுகிறேன்?

ஏழுஜோடி:

வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாக 2/4 லிமிட் ஹோல்டெம் ஆடுகிறேன் (பெட் அளவு முன்கூட்டியே நிர்ணயித்த போக்கர், முதல் இரண்டு சுற்றில் 2, கடைசி இரண்டில் 4), ஒன்பது பேர் டேபிள். சுமாரான கைகளை விடக் கற்றுக்கொண்டேன், முன்பு மாதிரி கண்டதற்கும் கால் (எதிராளி பெட்டுக்குச் சமமாகப் போடுவது) பண்ணுவதில்லை. ஆனாலும் கணக்கு எழுதிப் பார்த்தால் மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. நல்ல கை வந்தால் ஜெயிக்கிறேன், ஆனால் ஜெயிக்கிற பாட் (மேசை நடுவில் சேரும் பந்தயக் காசு) எல்லாம் கையளவுதான், தோற்கிற பாட் மட்டும் எப்போதும் மலை மாதிரி இருக்கிறது. போன வாரம் ஆடிய ஒரு கையை அப்படியே எழுதுகிறேன், தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

நான் பட்டனில் (கடைசியாக ஆடும் இடம்), கையில் 7-7, ஹார்ட்டும் கிளாவரும். எனக்கு முன்னதாக ஆடும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் ரெய்ஸ் (பெட்டை உயர்த்துவது), நடுவில் ஒருவர் கால், நான் கால், ஸ்மால் பிளைண்ட் விட்டுவிட்டார், பிக் பிளைண்ட் கால் (இந்த இருவரும் சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாக 1, 2 சிப் போடுபவர்கள்). நாலு பேர், பாட்டில் 17 சிப்.

ஃப்ளாப் (எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு): ஸ்பேடு ராஜா, டைமண்ட் 7, ஸ்பேடு 4. எனக்கு செட், அதாவது கை ஜோடியோடு மேசைச் சீட்டும் சேர்ந்து மூன்று 7. பிக் பிளைண்ட் செக் (பெட் போடாமல் அடுத்தவருக்கு விடுவது), ரெய்ஸ் போட்டவர் 2 பெட், நடுவில் இருந்தவர் கால். இப்போதே ரெய்ஸ் போட்டால் எல்லோரும் ஓடிவிடுவார்களே, பெட் இரட்டிப்பாகும் டர்ன் வரை அடக்கி வாசிக்கலாம் என்று நினைத்து நானும் வெறும் கால். பிக் பிளைண்டும் கால். பாட் 25.

டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு): டைமண்ட் ஜாக். பிக் பிளைண்ட் செக், ரெய்ஸ் போட்டவர் 4 பெட், நடுவில் இருந்தவர் கால், நான் 8 ஆக ரெய்ஸ். பிக் பிளைண்ட் விட்டார், முதல் ஆள் கால், நடு ஆள் விட்டார். பாட் 45.

ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு): ஸ்பேடு 2. அவர் செக். மூன்றாவது ஸ்பேடு விழுந்துவிட்டதே, அவரிடம் ஐந்து ஸ்பேடு சேர்ந்த பிளஷ் இருக்குமோ என்று எனக்குக் கை நடுங்கியது, நானும் செக். அவர் ஏஸ்-ராஜா காட்டினார், ஸ்பேடு ஒன்றுகூட இல்லை. பாட் எனக்கு வந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை. அடக்கி வாசித்தது சரியா? ரிவரில் பெட் போட்டிருக்க வேண்டுமா?


நாலாவதுசீட்டு:

தம்பி, ரிவர் கதைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் ஃப்ளாப்.

நோ லிமிட்டில் ஆடுகிறவர்கள் பேசுவதைக் கேட்டு வந்த பழக்கம் இது என்று நினைக்கிறேன். அங்கே ஃப்ளாப்பில் பதுங்கினாலும் ரிவரில் ஒரே பெட்டில் மொத்தத்தையும் கேட்டுவிடலாம். இங்கே அந்த வாய்ப்பே கிடையாது. ஒரு சுற்றில் போடாத பெட் போனது போனதுதான், அடுத்த சுற்றில் அதையும் சேர்த்து வாங்க ஆட்ட விதி விடாது. ஒரு சுற்றுக்குப் பெரும்பாலான டேபிள்களில் நாலு பெட்தான் உச்சம், ஒரு பெட்டும் மூன்று ரெய்ஸும். அதனால் லிமிட்டில் பெரிய கையை ஆடுவது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பெட் உள்ளே வரும் என்று விரல் விட்டு எண்ணுவதுதான்.

எண்ணுவோம். ஃப்ளாப்பில் நீங்கள் கால் பண்ணியதால் மற்ற மூவரிடமிருந்து வந்தது 6 சிப். ரெய்ஸ் போட்டிருந்தால்? பிக் பிளைண்ட் 4 கொடுக்க வேண்டும் என்று பயந்து ஓடிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இருவரும் ஏற்கெனவே 2 போட்டுவிட்டார்கள், பாட் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இன்னொரு 2க்கு விடமாட்டார்கள். ஆளுக்கு 4, மொத்தம் 8. ஒருவரை ஓட்டிவிட்டும் உங்களுக்கு 2 சிப் அதிகம். அவரும் ஒட்டிக்கொண்டால் 12. ஏஸ்-ராஜா வைத்திருந்தவர் மூன்றாவது பெட் போட வாய்ப்பு நிறைய, அப்போது நீங்கள் உச்சம் வரை போகலாம். எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்கிற பயம் இந்த அளவு பாட்டில் நடப்பதில்லை.

இன்னொன்று, நீங்கள் கால் பண்ணியதால் பிக் பிளைண்டுக்கு என்ன விலை கிடைத்தது என்று பார்த்தீர்களா? பாட்டில் 23, அவர் கொடுக்க வேண்டியது 2. பதினொன்றரைக்கு ஒன்று. அவரிடம் 8-6 இருந்திருந்தால் நாலு 5இல் ஒன்று வந்தால்தான் ஸ்ட்ரெய்ட் (தொடர்ச்சியாக ஐந்து சீட்டு), அது அடுத்த சீட்டில் விழாத வாய்ப்பு பத்தே முக்காலுக்கு ஒன்று. அதாவது அவ்வளவு நைந்த டிராவுக்குக்கூட (இன்னொரு சீட்டு வந்தால்தான் நிறைவாகும் கை) நியாயமான விலையை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். ரெய்ஸ் போட்டிருந்தால் அவர் 25ஐப் பார்த்து 4 கொடுக்க வேண்டும், ஆறேகாலுக்கு ஒன்று. அந்த விலைக்கு அவர் கால் பண்ணினால் அது அவர் செய்யும் தப்பு, அந்தத் தப்பின் காசு உங்களுக்கு. விட்டுவிட்டாலும் நல்லதுதான், 5 விழுந்து பாட்டைப் பறிகொடுக்கும் ஆபத்து ஒன்று குறைந்தது.

ஸ்பேடு டிரா வைத்திருப்பவரையும் யோசியுங்கள். அவர் ஃப்ளாப்பிலும் டர்னிலும் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார், ரிவரில் ஸ்பேடு வராவிட்டால் ஒரு சிப்கூடக் கொடுக்கமாட்டார். டிராக்காரனிடம் வசூல் பண்ண இரண்டே சுற்றுதான் இருக்கிறது, அதில் ஒன்றை நீங்கள் பாதி விலைக்கு விட்டுவிட்டீர்கள்.


பட்டன்பக்கம்:

மேலே சொன்னதில் பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இந்தக் கையில் டர்ன் வரை காத்திருந்தது அவ்வளவு மோசம் இல்லை. அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் எண்ணக்கூடாது.

நடந்தபடி: ஃப்ளாப்பில் மற்றவர்களிடமிருந்து 6, டர்னில் முதல் ஆள் 8, நடு ஆள் 4. மொத்தம் 18. ஃப்ளாப்பிலேயே ரெய்ஸ் போட்டு பிக் பிளைண்ட் ஓடியிருந்தால் 8, அப்புறம் டர்னில் எல்லோரும் பட்டனில் இருக்கும் உங்களுக்குச் செக் பண்ணிக் கொடுப்பார்கள், நீங்கள் 4 பெட், இருவரும் கால், அது 8. மொத்தம் 16. ஆகக் காத்திருந்த வழி 2 சிப் மேலே. காரணம் என்ன என்றால் நடு ஆள் ஏற்கெனவே பெரிய பெட் ஒன்றைப் போட்டபிறகுதான் நீங்கள் ரெய்ஸ் பண்ணினீர்கள், அவர் பொறியில் மாட்டிக்கொண்டார்.

ஃப்ளாப்பில் ரெய்ஸ் போடுகிறவன் வெறும் டிராவோடு இலவச சீட்டு பார்க்கிறான் என்று நினைப்பவர்கள் உண்டு, டர்னில் ரெய்ஸ் போட்டால் கை நிஜம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த ஒரு குறை இருக்கிறது. ஆனாலும் முதல் ஆள் டர்னில் கட்டாயம் பெட் போடுகிற ரகம் என்று தெரிந்தால் நானும் சில நேரம் காத்திருப்பேன்.


நாலாவதுசீட்டு:

பட்டன்பக்கம், உங்கள் 18 எல்லாம் அந்த "கட்டாயம் பெட் போடுகிற" என்ற ஒரு வார்த்தையில் தொங்குகிறது. மூன்று பேர் கால் பண்ணியபிறகு ஏஸ்-ராணி வைத்திருப்பவர் டர்னில் செக் பண்ணிவிடுவார். ராணி ஜோடி வைத்திருப்பவர்கூட ராஜாவைப் பார்த்துச் செக் பண்ணலாம். அப்போது நடு ஆளும் செக், கடைசியில் நீங்கள்தான் பெட் போட வேண்டும், இருவர் கால் என்றால் 8. ஃப்ளாப்பின் 6ஐயும் சேர்த்து 14தான். ஃப்ளாப் ரெய்ஸில் குறைச்சலாக எண்ணியே 16, பிக் பிளைண்ட் ஃப்ளாப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டால் 20, டர்னிலும் ஒட்டிக்கொண்டால் 24.

டர்னில் ஸ்பேடு விழுந்தால் என்ன என்பதையும் நீங்கள் எண்ணவில்லை. தம்பி கையில் ஸ்பேடு இல்லை, பார்க்காத 47 சீட்டில் 11 ஸ்பேடு, கிட்டத்தட்ட நாலில் ஒரு தடவை விழும். விழுந்த உடனே ராஜா ஜோடிக்காரர்கள் எல்லாம் சுருங்கிவிடுவார்கள். ஃப்ளாப்பில் 4 கொடுத்திருக்க வேண்டியவர்கள் டர்னில் 4 கொடுக்கவே யோசிப்பார்கள்.

ஃப்ளாப் ராஜா-7-2 என்று மூன்று வேறு வேறு ஜாதியில் இருந்து, பாட்டும் சின்னதாக இருந்தால் உங்கள் பக்கம் வருகிறேன். இரண்டு ஸ்பேடு கிடக்கும் இந்த ஃப்ளாப்பில் வரமாட்டேன்.


கணக்குப்பிள்ளை:

நீங்கள் இருவரும் 2 சிப்புக்குச் சண்டை போடுகிறீர்கள், 4 சிப் ரிவரில் தரையில் கிடக்கிறது. கேள்வி கேட்டவரே, உங்கள் உண்மையான ஓட்டை ரிவர் செக்தான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கடைசியாக ஆடுகிறவர், எதிராளி செக் பண்ணிவிட்டார். இந்த இடத்தில் கேட்க வேண்டியது "அவரிடம் பிளஷ் இருக்குமோ" என்பது அல்ல. "நான் பெட் போட்டு அவர் கால் பண்ணினால், அதில் பாதிக்கு மேல் நான் ஜெயிப்பேனா" என்பதுதான். அவர் செக்-ரெய்ஸ் (செக் பண்ணிவிட்டு, நீங்கள் பெட் போட்டதும் ரெய்ஸ் போடுவது) பண்ணும் ஆபத்துக்காகக் கொஞ்சம் கூட்டி, நூற்றுக்கு 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, சீட்டை எண்ணித்தான் சொல்ல முடியும்.

ஏஸ்-ராஜா: நாலு ஏஸ், மேலே கிடப்பது போக மூன்று ராஜா, 12 விதம். ராஜா-ராணி: இன்னொரு 12. ஏஸ் ஜோடி 6, ராணி ஜோடி 6. இதுவே 36 விதம் ஆகிவிட்டது, இத்தனையும் உங்களிடம் தோற்கும். கால் பண்ணுமா? பாட்டில் 45, உங்கள் பெட் 4, அவருக்கு 49க்கு 4, பன்னிரண்டுக்கு ஒன்றுக்கும் மேல். லிமிட்டில் அந்த விலைக்கு மேல் ஜோடியை விடுகிற மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது பிளஷ். ஸ்பேடு ஏஸ்-ராணி ஒரே ஒரு விதம். ஸ்பேடு ஏஸ்-ஜாக் ஒன்று, ஏஸ்-பத்து ஒன்று, ராணி-ஜாக் ஒன்று, இப்படி ஒவ்வொன்றாகத்தான் எண்ண முடியும், முன்னால் உட்கார்ந்து ரெய்ஸ் போட்டவர் கையில் அப்படி எத்தனை இருந்துவிடும்? தாராளமாகவே ஆறேழு என்று வையுங்கள். ராஜா ஜோடி 3, ஜாக் ஜோடி 3, இவையும் உங்களை அடிக்கும், ஆனால் இந்த இரண்டும் டர்னில் உங்கள் ரெய்ஸைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்காது, திருப்பி அடித்திருக்கும். அதற்கும் மேலாக, பிளஷ் அடித்தவர் பலரும் ரிவரில் தானே பெட் போடுவார், ஏனென்றால் நீங்கள் பயந்து செக் பண்ணிவிடுவீர்களோ என்ற கவலை அவருக்கு இருக்கும். நீங்கள் செய்தது அதைத்தான். ஆகச் செக் பண்ணியவரிடம் பிளஷ் இருக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

விட்டுப்போன நடு ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டர்னில் அவர் இன்னும் 4 கொடுத்தால் போதும், பாட்டில் 45 இருந்தது. ஸ்பேடு டிரா வைத்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார், அடுத்த சீட்டில் பிளஷ் வராத வாய்ப்பு நாலுக்கு ஒன்றுதான், அவருக்குக் கிடைத்த விலை பதினொன்றுக்கு ஒன்று. ஆகவே பயப்பட வேண்டிய டிராக்காரர் ஏற்கெனவே மேசையில் இல்லை. மூன்றாவது ஸ்பேடு விழுந்ததை மட்டும் பார்த்தீர்கள், அந்த ஸ்பேடு யாருக்கு விழுந்திருக்க முடியும் என்று பார்க்கவில்லை.

ஒரு பெரிய பெட் என்பது சின்ன விஷயம் இல்லை. லிமிட்டில் நன்றாக ஆடுகிறவர்களுக்கே 100 கைக்கு ஒன்றிரண்டு பெரிய பெட் லாபம் நின்றால் அது நல்ல லாபம். அந்த 100 கைக்கான கூலியை நீங்கள் ஒரே ரிவரில் விட்டுவிட்டு எழுந்திருக்கிறீர்கள்.

செட் விஷயத்தில் இது இன்னும் உறைக்க வேண்டும். கையில் ஜோடியோடு போனால் ஃப்ளாப்பில் செட் விழுவது எட்டரை தடவைக்கு ஒரு முறை. மற்ற ஏழரை தடவையும் இந்த மாதிரி தடவைக்கு 4 சிப் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் 30 சிப் கடன். சில தடவை செட் இல்லாமலே ஜோடி ஜெயிக்கும், அது வேறு. மற்றபடி அந்தக் கடனை அடைப்பது அந்த ஒரு செட்தான்.


ஏழுஜோடி:

கணக்குப்பிள்ளை, 36க்கு ஆறேழு என்று பார்த்தபோது எனக்கே வருத்தமாகிவிட்டது. இந்த மாதிரி எத்தனை ரிவரில் செக் பண்ணியிருப்பேன் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. மிக்க நன்றி எல்லோருக்கும்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, இதே செட் பிக் பிளைண்டில் இருக்கும்போது வந்தால் என்ன செய்வது, செக்-ரெய்ஸா நேராக பெட்டா? இரண்டு, ஏஸ் ஜோடி வந்தால் ஃப்ளாப்புக்கு முன் எத்தனை பேர் உள்ளே வந்தாலும் ரெய்ஸ் போட்டுக்கொண்டே இருக்கலாமா? ஆள் கூடக் கூட ஏஸ் தோற்கிறது என்று பயமாக இருக்கிறது.


பட்டன்பக்கம்:

முதல் கேள்விக்கு நான். ரெய்ஸ் போட்டவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள், சீட்டை அப்புறம் பார்க்கலாம்.

அவர் உங்களுக்கு அடுத்தபடி ஆடுகிறவர், அதாவது உங்கள் இடது பக்கம் உடனே இருக்கிறார் என்றால் செக் பண்ணுங்கள். அவர் பெட் போடுவார், பின்னால் இருக்கும் எல்லோரும் ஒவ்வொரு பெட்டாகப் போட்டுக்கொண்டே வருவார்கள், சுற்றி வந்து உங்களிடம் நிற்கும். இப்போது ரெய்ஸ் போடுங்கள். ஒரு பெட் போட்டுவிட்டவர்கள் இன்னொன்றுக்கு விடமாட்டார்கள், மொத்தப் பேரிடமும் இரண்டு பெட் வசூல்.

அவர் பட்டனில், அதாவது கடைசியில் இருக்கிறார் என்றால் அதே செக்-ரெய்ஸ் உங்களுக்கே எதிராக வேலை செய்யும். எல்லோரும் செக் பண்ணி, அவர் பெட் போட்டு, உடனே நீங்கள் ரெய்ஸ் போட்டால் நடுவில் இருப்பவர்கள் ஒரு சிப்கூடப் போடாத நிலையில் இரண்டு பெட்டைப் பார்த்து ஓடுவார்கள். அங்கே நீங்களே முதலில் பெட் போடுங்கள். நடுவில் இருப்பவர்கள் கால் பண்ணுவார்கள், ராஜா வைத்திருக்கும் பட்டன்காரர் ரெய்ஸ் போடுவார், நீங்கள் மூன்றாவது பெட் போடுவீர்கள். நடுவில் இருப்பவர்கள் இரு பக்கமும் நெருக்கப்பட்டு ஒவ்வொரு பெட்டாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நான் லிமிட்டில் கற்றுக்கொண்டதிலேயே அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்.


நாலாவதுசீட்டு:

ஏஸ் ஜோடிக்கு: போடுங்கள், உச்சம் வரை போடுங்கள். ஒரு ஆளுக்கு எதிராக, அவர் கையில் எதுவானாலும் சரி என்று வைத்தால், ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். நாலு பேர் எதிரில் இருந்தால் சுமார் 56. குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஐந்து பேர் போடும் காசில் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று, நீங்கள் எடுப்பது பாதிக்கும் மேல். ஒவ்வொரு ரெய்ஸும் உங்களுக்கு லாபம். பத்தில் நாலு தடவைக்கு மேல் தோற்பீர்கள், அந்தத் தோல்வி மட்டும் கண்ணில் நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் செஃபியஸ் என்ற புரோகிராமை வைத்து இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுசாகவே தீர்த்துவிட்டார்கள். அது டீலராக இருக்கும்போது முதல் சுற்றில் கடைசி ரெய்ஸ் வரை போவது அபூர்வம். அதைச் சொல்லி "பார், கம்ப்யூட்டரே அடக்கி வாசிக்கிறது" என்பார்கள். அது இருவர் ஆட்டம், தப்பே பண்ணாத எதிராளியை மனதில் வைத்துப் போட்ட திட்டம், டீலருக்கு அதற்கப்புறம் மூன்று சுற்றிலும் கடைசியாக ஆடும் வசதியும் இருக்கிறது. ஒன்பது பேர் டேபிளில், எதை வைத்தும் கால் பண்ணுகிறவர்களுக்கு எதிராக அதை அப்படியே எடுத்துவராதீர்கள்.


ஏழுஜோடி:

புரிந்தது. கடைசியாக ஒன்றே ஒன்று. அந்த ரிவரில் நான் பெட் போட்டு அவர் செக்-ரெய்ஸ் பண்ணியிருந்தால்? அந்தப் பயம்தான் என்னைச் செக் பண்ண வைத்தது.


கணக்குப்பிள்ளை:

45, உங்கள் 4, அவர் 8. பாட்டில் 57. நீங்கள் கொடுக்க வேண்டியது இன்னும் 4. பதினைந்து தடவையில் ஒரே ஒரு தடவை ஜெயித்தால்கூடக் கை கடிக்காது. அவர் ராஜா-ஜாக் இரண்டு ஜோடியோடு அப்படிச் செய்யலாம், 4-4 செட்டோடு செய்யலாம், கடுப்பில் ஏஸ் ஜோடியோடும் செய்யலாம். கால் பண்ணுங்கள். பிளஷ் காட்டினால் சிப்பைத் தள்ளிவிட்டு அடுத்த கையைப் பாருங்கள், அடுத்த தடவை இதே இடத்தில் மறுபடி பெட் போடுங்கள்.